வெளிப்பக்கம் பூட்டிய கதவு

இருட்டில் படம் எடுக்க முதலில் வேண்டியது ஒரு நல்ல கதவு. கமரா எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம். கல்முனைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அபுல் ஹஸனிடம், அதாவது என்னிடம், இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள், ஆகவே முறையாகவே சொல்கிறேன். அதற்கு முதல், மில்லின் இரவுக் காவலாளி காலிதீனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பூட்டின் சாவி அவரிடம் இருக்கவில்லை.

நல்லரெத்தினம் காரைதீவான். பாடசாலையில் சித்திரம் படிப்பித்தான். எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது, கூரை பறந்த தன் வகுப்பறையைப் படமெடுக்கக் கமரா கேட்டு வந்தவன். கரண்ட் இல்லாத நாட்கள் அவை. என் கடையில் இருந்துகொண்டு டோர்ச்சை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தான். கண் திறந்து கிடந்த கமராவில் அந்த வெளிச்சம் ஒரு வளைந்த கோடாக விழுந்திருந்தது. பிலிமைக் கழுவிப் பார்த்த அன்றே எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

வேலை இவ்வளவுதான். கமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, இருட்டில் ஒருவன் வெளிச்சத்தால் வரைவான். கறுப்பு உடுப்போடு அசைந்துகொண்டே இருந்தால் அவன் படத்தில் விழமாட்டான், வெளிச்சம் மட்டும் விழும். நல்லரெத்தினம் மயில் வரைவான், கோலம் வரைவான். எனக்குச் சித்திரம் வராது, எழுத்து வரும். கமராவைப் பார்த்து நின்று எழுதினால் எழுத்து புரண்டு விழும் என்பதால், வலமிருந்து இடமாக, புரட்டியே எழுத வேண்டும். சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில் பலகையில் அரபு எழுதிப் பழகிய கை, அதைச் சுலபமாகப் பிடித்துக்கொண்டது. அவன் எவ்வளவு முயன்றும் அது அவனுக்கு வரவில்லை. அவன் மயிலை முடித்து லென்ஸை மூடிவிட்டு வெளியே வருவான். நான் உள்ளே போய் அதே பிலிமில் மயிலுக்குக் கீழே எழுதுவேன். கொழும்பில் ஒரு கண்காட்சியில் அந்தப் படங்களை வைத்தார்கள். இதில் எது தமிழருடைய கை, எது முஸ்லிமுடைய கை என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்தது அவனோடு மட்டும்தான்.

படம் எடுக்கும் இடம், நிந்தவூரில் என் மாமாவின் ஓடாத அரிசி மில். ஜன்னல்களுக்குப் பலகை அடித்துச் சாக்குத் தொங்கவிட்டோம். ஒருவன் உள்ளே வரைய, மற்றவன் கதவை வெளியே பூட்டிவிட்டுக் காவல் நிற்பான். பூட்டாவிட்டால் வயலிலிருந்து வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கக் கதவைத் தள்ளுவார்கள், பிலிம் வெளுத்துவிடும். ஒருமுறை உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நான் பயந்து திறந்துவிட்டேன். அவன் கொதித்துப்போனான்.

“மச்சான், நான் உள்ளுக்குச் செத்துக் கிடந்தாலும், ‘முடிஞ்சுது’ எண்டு சொல்லாமத் தொறக்காத.”

எண்பத்துநாலில் சந்திக்குச் சந்தி ஆமிச் சோதனை வந்தது. அவன் சைக்கிளில் வருவது குறைந்தது. வந்தால் என் ஆட்கள் அவனைப் பார்க்கிற பார்வையும், அவன் ஊருக்குப் போனால் அவன் ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வையும் ஒன்றுதான். ஒருநாள் வெள்ளைச் சேட்டும் இரவல் டையுமாக வந்து என் ஸ்டூலில் ஏறி இருந்தான்.

“பாஸ்போட்டுக்கு ஒரு படம் எடு மச்சான். ஜேர்மனிக்குப் போகப்போறன்.”

“எப்ப திரும்பி வாற?”

“திரும்பியா? மறுகா பூமணியையும் அங்க எடுக்கோணும்.”

பூமணி அவன் மனைவி. பிறகு அவரையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வானாம். நாடியைக் கொஞ்சம் உயர்த்து என்றேன். நல்ல படம். பிறகு பூமணி வந்து கேட்டபோது அதையேதான் பெரிதாக்கிக் கொடுத்தேன், மாலை போடுவதற்கு. “ஹஸன் காக்கா, நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன்” என்று, கூடப்பிறந்த அண்ணனிடம் போல அழுதார். நானும் அழுதேன்.

எனக்கு அவன்மேல் கோபம் இருக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். பயம் இருந்தது. அவன் போனால் நான் யார்? வெள்ளைத் துணிக்கு முன்னால் அடையாள அட்டைக்காரர்களை இருத்தி, சாகும்வரை நாடியை உயர்த்தச் சொல்கிறவன். அன்றிலிருந்து கடையின் சுவர்கள் என்னை நெருக்கத் தொடங்கின. அவனுக்கு வெளியே போக ஒரு வழி கிடைத்துவிட்டது, எனக்கு எந்த வழியும் இல்லை. இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.

போவதற்கு முதல் ஒரு படம் எடுப்போம் என்று கேட்டது நான்தான். அவன் தீப்பந்தத்தால் வரைய ஆசைப்பட்டான். பொறி பறந்தால் படம் பூவாக விரியும். தரையில் கிடக்கும் உமியைக் கூட்டி வெளியே தள்ளுவது எப்போதும் என் வேலை. அன்று முதுகு வலித்தது, கூட்டவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அவனை உள்ளே விட்டுப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் உமி கருகும் வாசம் வந்தது. உமி பெரிதாக எரியாது, புகைதான் அதிகம். பிறகு சாக்குகளும் பிடித்திருக்க வேண்டும். அவன் கதவைத் தட்டினான்.

“ஹஸன், தொற. புகை அடைக்குது.”

‘முடிஞ்சுது’ என்று அவன் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். சோதனைகள் தொடங்கிய பிறகு, யாரும் குறுக்கே வராமல் அவனோடு கதைக்க அதைவிட நல்ல நேரம் வாய்த்ததில்லை.

“போகமாட்டன் எண்டு சொல்லு, தொறக்கிறன்,” என்றேன்.

இருமினான். “போகல்ல மச்சான். கண்ணகி அம்மன் ஆணையாப் போகல்ல. உன்ட அல்லா ஆணையாப் போகல்ல. தொறடா.”

அதைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மூச்சு முட்டும்போது மனிதன் ஒன்று சொல்வான், காற்றுப் பட்டதும் வேறொன்று சொல்வான். இரண்டு தெய்வத்தின் மேலும் ஆணையிட்டவன், அதை மீறிப் பாவியாகிவிடக் கூடாது அல்லவா? பூட்டை நான் தொடவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தட்டுவது ஓயும்வரை அங்கேயே இருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.