இன்னும் ஒரு அடி

நீங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐயா. முகம் இருட்டாகத் தெரிகிறது. குறை சொல்லவில்லை, கேமராக்காரன் கண் அப்படிப் பழகிவிட்டது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் நிம்மதியாகப் பேசலாம்.

என் மனைவி இயக்கிய எல்லாப் படங்களுக்கும் ஒளிப்பதிவு நான்தான், இந்தக் கடைசிப் படத்தைத் தவிர. மகள் போன பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. என் பழைய உதவியாளன் எடுத்தான். எனக்கு வருத்தமில்லை. அவனைச் சிபாரிசு செய்ததே நான்தான்.

மகளுக்குப் பத்து வயது. ரத்தத்தில் நோய். மருத்துவமனையில் பொழுது போக அவளை வீடியோ எடுப்பேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரியே பேசிக் காட்டுவாள். கடைசி நாள் காலையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போதும்ப்பா. இதை யாருக்கும் காட்டாதீங்க."

உடனே நிறுத்தவில்லை. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் கன்னத்தில் அப்படி விழுந்திருந்தது. ஆனால் சத்தியம் செய்தேன். மனைவியும் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

பட விழாவுக்கு என்னை வற்புறுத்தி அழைத்துவந்தது மனைவிதான். பல நாட்டுக்காரர்கள் நிறைந்த அரங்கு. ஒரு தாயைப் பற்றிய கதை. நடிகை நன்றாகத்தான் செய்திருந்தாள். முடிவில் அவள் கதவைத் திறக்கிறாள். உள்ளே கட்டிலில் என் மகள். திரை கொள்ளாத முகம். "போதும்ப்பா" என்றாள். கீழே அதன் மொழிபெயர்ப்பு ஓடியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், நான் யாரென்று தெரியாமலே, கண்ணைத் துடைத்தபடி என் தோளைத் தட்டினாள்.

சிறந்த படத்துக்கான விருது என் மனைவிக்கு. சிறந்த ஒளிப்பதிவுக்கான விருது என் பழைய உதவியாளனுக்கு.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?" கம்மலைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அவ அந்த நாலு சுவத்துக்குள்ளேயே முடிஞ்சு போயிடக்கூடாதுன்னு நெனச்சேன். இன்னிக்கு எத்தனை பேர் அவளுக்காக அழுதாங்க."

"அவ வேண்டாம்னு சொன்னா."

"சொன்னா. நீங்க மட்டும் நிறுத்தினீங்களா?"

விளக்கை அணைத்துப் படுத்தேன். நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, விருதோடு ஒரு போட்டோ எடுத்துத் தருகிறேன் என்றேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து, பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அரங்குக்குப் பின்னால் கடலுக்குள் நீளும் கல்மேடையை நீங்களும் பார்த்தீர்கள். தடுப்பு கிடையாது. கீழே பாறை.

"கொஞ்சம் பின்னாடி போ" என்றேன். போனாள். நான் கேமராவில் கண் வைத்திருந்தால் அவள் தன் காலைப் பார்க்க மாட்டாள். எங்கள் தாம்பத்தியமே அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. "இன்னும் ஒரு அடி" என்றேன். சிரித்த முகத்தோடு எடுத்து வைத்தாள்.

கால் தவறி விழுந்தாள் என்று நேற்றுச் சொன்னது பொய். தெரிந்துதான் சொன்னேன். மகளுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இதைச் செய்தேன். வேறு காரணம் கிடையாது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓர் உதவி மட்டும். நடுவர்கள் மேடையில் பாராட்டிப் பேசியதெல்லாம் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான். அதை எடுத்தவன் நான். விருதில் பெயரை மாற்றித் தர முடியுமா என்று விழாக்காரர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.