சைகோன் விளக்கு

கரண்டு விளக்கில் ஒரு சௌகரியம் உண்டு, போலீஸ் கொமிசேர் ஐயா. சிம்னி துடைக்க வேண்டியதில்லை. கையில் கரி ஒட்டாது, புடவையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்காது. வில்லியனூரில் எங்கள் தெருவுக்குக் கம்பி இழுத்தபோது வேண்டாம் என்று சொன்ன பெண்களில் நான் இல்லை. விளக்கின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தையலம்மாள். என் புருஷன் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன். வெளியே உட்கார்ந்திருக்கிறார், அவரையே கேளுங்கள். கல்யாணமான மறுவருஷம் சைகோனில் உத்தியோகம் என்று கப்பல் ஏறினார். பதினோரு வருஷம் நிலத்தைப் பார்த்தது நான். மடைத் தகராறு வந்தால் வரப்பில் போய் நின்றது நான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்கு எல்லாம் செய்து, கடைசியில் கொள்ளி வைக்க மகன் இல்லாமல் பங்காளியைக் கூப்பிட்டதும் நான்தான். இத்தனைக்கும் சேர்த்து எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் விளக்கேற்றுவது. ஒரு வீட்டில் யார் விளக்கேற்றுகிறாளோ அவள்தான் அந்த வீட்டுக்காரி. பிள்ளை பெறாதவள் என்று என்னை ஏசினவர்கள்கூட, நான் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலைக் கடந்தால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஆனி மாதம் அவர் திரும்பி வந்தார். கூடவே ஒரு பெண். லான் என்று பெயர். அங்கேயே கட்டிக்கொண்டாராம். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவதாக வண்டியிலிருந்து இறங்கியது ஒரு விளக்கு. இடுப்பு உயரத்துக்குப் பித்தளைத் தண்டு, மேலே பட்டுத் துணியில் குடை.

வந்த அன்றே அவசரமாக அதன் ஒயரைச் சுவர்ப் பிளக்கில் மாட்டினார். பல்பு பட்டென்று வெடித்து, தண்டுக்குள்ளிருந்து ரப்பர் தீய்ந்த நாற்றம் வந்தது. மறுநாள் புதுச்சேரியிலிருந்து கரண்டு வேலை பார்க்கும் பக்கிரிசாமி வந்தான். அவர் வயலுக்குப் போயிருந்தார். நான்தான் மோர் கொடுத்தேன்.

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்டாரு! சைகோன் கரண்டு நம்ம கரண்டுல பாதிதாம்மா. பிளக்கு முள்ளு ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், அதனால சொவத்துல பொருந்திக்குது. அதுக்குன்னுதான் கூடவே இந்தப் பொட்டியக் குடுத்துக்கிறான். கரண்டக் கொறைக்கிற பொட்டி" என்றான்.

விளக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்று சொன்னான். "உள்ள ஒயரு தீஞ்சி பித்தளையில ஒட்டிக்கினுகிது. பொட்டி வழியா எரிஞ்சா தொட்டாலும் ஒண்ணும் ஆவாது. நேரா சொவத்துல மாட்டிட்டுத் தொட்டா ஆளையே அடிச்சிப் போட்டுடும். வீராம்பட்டினம் தேரு முடியட்டும், வந்து வேற ஒயரு போட்டுத் தரேன்."

ஒயர் தீய்ந்த விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை.

பக்கிரிசாமியே பெட்டியை நெல் குதிருக்குப் பின்னால் வைத்து, வேறு சைகோன் பல்பு போட்டு, விளக்கைக் கூடத்து நடுவில் நிறுத்திவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் நான் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னார்: "தையலு, அத்த உள்ள எடுத்து வச்சிடு. எண்ணெ சிந்துது. இனிமே சாயங்காலத்துல அவளே வௌக்கப் போடட்டும். அவ ஊரு வௌக்கு, அவளுக்குத்தான் பழக்கம்."

அவ்வளவு லேசாகச் சொன்னார். மாட்டை மாற்றிக் கட்டு என்பதுபோல. அவர் இன்னொருத்தியைக் கொண்டுவந்ததைக்கூடப் பொறுத்தேன், ஐயா. ஆண்கள் செய்கிறார்கள். இதைப் பொறுக்க முடியவில்லை. கோபமா என்று கேட்டீர்களே, ஆமாம், கோபம்தான். பதினோரு வருஷச் சோற்றையும் ஒரு வார்த்தையில் எச்சில் இலையாக்கிவிட்டார்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது கால் பிடித்துவிட்டாள். அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்கிறது. ஒரு நாள் என் கையைப் பிடித்துச் சுவரருகே இழுத்துப் போய், "அக்கா, நீ போடு" என்று ஸ்விட்சைக் காட்டினாள்.

நல்ல மனசு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டு விளக்கை எனக்கே பிச்சை போட இவள் யார்? அவர் செய்ததைவிட அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. "நீயே போடும்மா" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன்.

பிறகு அவளுக்கு முறை சொல்லிக் கொடுத்தேன். விளக்கு வைப்பதற்கு முன் கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும். கை கால் கழுவ வேண்டும். ஈரத்தைத் துடைக்கக் கூடாது, அப்படியே வர வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். "ரெண்டு கையாலயும் தொடணும். ஒத்தக் கையால தொட்டா மரியாத இல்ல" என்றேன். தினமும் தவறாமல் செய்தாள். ஈரக் காலோடு வருவாள், இரண்டு கையாலும் தண்டைப் பிடிப்பாள், கண்ணை மூடிக் கும்பிடுவாள். பெட்டி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டுக் காசம்மாள் வந்து பார்த்துவிட்டு, "சக்களத்தியக் கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கிறியேம்மா" என்று கண் கலங்கினாள். அவரும் பார்த்தார். வந்த நாளிலிருந்து அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஆடி வெள்ளி. தேருக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. பக்கிரிசாமி சொன்ன தவணை நெருங்கிவிட்டது. மத்தியானம் அவள் குளிக்கப் போன நேரத்தில் குதிருக்குப் பின்னால் கை விட்டு, பெட்டியிலிருந்து விளக்கைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினேன். சைகோன் பல்பைக் கழற்றிவிட்டு, அடுப்படியில் இருந்த நம் ஊர் பல்பைப் போட்டேன். இல்லையென்றால் வெடித்துவிடும், அவள் பயந்து தொடமாட்டாள். சாயங்காலம் கூடத்தைக் கழுவிவிட்டேன். வெள்ளிக்கிழமை கழுவுவது வழக்கம்தான்.

அவள் வந்தாள். விளக்கு எப்போதையும்போல எரிந்தது. இரண்டு கையாலும் தொட்டாள். அந்தக் கைகள் கண் வரைக்கும் வரவில்லை. ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்துதான் செய்தேன்.

திண்ணையில் இருந்த அவர் ஓடி வந்து அவளைப் பிடிக்கப் போனார். "தொடாதீங்க" என்று கத்திவிட்டு ஸ்விட்சை அணைத்தேன். இல்லாவிட்டால் அவரும் போயிருப்பார். என் தாலியை நான் காப்பாற்றிக்கொண்டேன், இதையும் எழுதுங்கள். அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "தொடக் கூடாதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

செத்தவர் தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும். அவளுக்கு அதைச் செய்ய வேறு யார் இருக்கிறார்கள்? உள்ளே போய்க் குத்துவிளக்கை எடுத்துவந்து, எண்ணெய் ஊற்றி, ஏற்றி வைத்தேன். நிறைவாக எரிந்தது. தேர் பார்த்துத் திரும்பிய காசம்மாளும் நாலைந்து பேரும் வாசலில் நின்று கையெடுத்தார்கள்.

அவர் எழுந்து வந்தார். குனிந்து அந்த விளக்கை வாயால் ஊதி அணைத்தார்.

ஐயா, நீங்கள் தமிழர், உங்களுக்குத் தெரியும். எரிகிற விளக்கை யாராவது வாயால் ஊதி அணைப்பார்களா? அதுவும் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அப்படி ஒரு பாவம் நடந்ததில்லை. நான் செய்ததற்கு நீங்கள் தண்டனை கொடுப்பீர்கள், தீர்ந்துவிடும். அவர் செய்ததை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.