தளபதிக்கு முன்வரிசை

உக்காருங்கம்மா, படம் ஆரம்பிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு. ஆமா, இந்தப் படத்துல எடிட்டருக்கு உதவியாளன் நாந்தான். நாப்பத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப பழைய பிரிண்ட்டச் சுத்தம் பண்ணிக் குடுத்ததும் நாந்தான்.

தளபதியா நடிச்சவரா? பிரமாதமா நடிச்சாரும்மா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் எல்லைக்கு அந்தப்பக்கம் உருண்டுபோச்சுன்னு போர் அறிவிப்பாரே, சிரிப்புல தியேட்டரே அதிர்ந்துச்சு. ஆனா எனக்குப் புடிச்சது சமையல்காரரா வந்தவரு. கரண்டியத் துப்பாக்கி மாதிரி தோள்ல சாய்ச்சுக்கிட்டு, ஒரு வார்த்த பேசாம நிப்பாரு. அவரப் பத்தி யாரும் கேக்கறதில்ல. நீங்களும் கேக்கல பாருங்க.

படம் வந்து ரெண்டாவது வருஷம் நெசமாவே சண்ட வந்துச்சு. பட்டாளத்துக்கு ஆள் சேக்கணும், வந்து பேசுங்கன்னு இவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. சமையல்காரர் முடியாதுன்னுட்டாரு. அப்புறம் சாகுறவரைக்கும் அவருக்கு ஒரு படம் கிடைக்கல. தளபதி போனாரு. அதே உடுப்பு, அதே ஒட்டு மீச. லாரி மேல ஏறி, வீட்டுக்கு ஒரு புள்ளயக் குடுங்கன்னாரு. ஒருத்தரும் சிரிக்கலம்மா, கை தட்டுனாங்க.

எனக்கு எப்படித் தெரியும்ங்கறீங்களா? அத ஒரு கேமராக்காரர் புடிச்சாரு. நாலு நிமிஷம். வெட்டி ஒட்ட எங்க எடிட்டிங் ரூமுக்குத்தான் வந்துச்சு. திருப்பிக் குடுக்கல நான்.

ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு தளபதியக் கேக்கலயாவா? கேட்டேனே! சண்ட முடிஞ்சப்புறம் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். எழுதிக் குடுத்தாங்க, பேசினேன், நான் நடிகன்தானப்பான்னாரு. டீ சாப்பிடுறியான்னு வேற கேட்டாரு.

இன்னிக்கு அவருக்குப் பாராட்டு. போர எதிர்த்த மாபெரும் கலைஞராம். மகன், மருமக, பேரப்புள்ளங்க எல்லாம் முன்வரிசையில. அதான், படம் முடிஞ்சதும் எழுந்துடாதீங்க. கடைசி ரீலோட அந்த நாலு நிமிஷத்த ஒட்டி வச்சிருக்கேன்.

கேஸ் போடுவாரா? போடட்டும். எழுபது வயசுல என்னய என்ன பண்ணிடுவாங்க?

அந்த நாலு நிமிஷத்துல, லாரிக்குப் பக்கத்துல ஒருத்தன் சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நிப்பான். தளபதி குனிஞ்சு அவன் தோளத் தட்டுவாரு. அவனுக்கு வாயெல்லாம் பல்லு. அன்னிக்கு மொதல்ல பேரு குடுத்தது அவன்தான். பத்தொம்பது வயசு. என் தம்பி. போனவன் திரும்பி வரல. இந்தாண்ணே, புடின்னு ஹேண்டில என் கையில குடுத்துட்டு லாரில ஏறினான். நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.