அக்கா வாங்கிய வைட்டமின்

— டேய் அஸ்கர், நான் வாங்கிக் குடுத்த வைட்டமின் டப்பா எங்கடா?

— நிறுத்திட்டேன், விபெக்கே அக்கா. நர்ஸ் வேண்டாம்னுட்டாங்க.

— நான் சொல்றதைக் கேளு. கேன்சர் மாத்திரை கைகால் தோலை உரிச்சிடும்னு படிச்சேன். அது வராம இருக்கத்தானே ஓடென்ஸேலேர்ந்து ரயிலேறி வந்து குடுத்தேன்?

— நீ குடுத்ததாச்சேன்னு தவறாம முழுங்கினேன். போகப்போக உள்ளங்கால் தணல்ல வெச்ச மாதிரி ஆயிடுச்சு. பாத்ரூமுக்குத் தவழ்ந்தேன்.

— அடப்பாவி! ஏன் சொல்லல?

— ஆஸ்பத்திரியிலயே சொல்லலையே. மாத்திரையைக் குறைச்சா கட்டி வளந்துடும்னு பயம். டோர்தேதான் போட்டுக் குடுத்தா.

— அது யாரு?

— அங்க வைத்தியத்துக்கு வர்றவ. இந்த ஆர்ஹூஸ் ஊர்லயே பஸ் ஓட்டினவ. நான் நொண்டுறதைப் பாத்துட்டு, "இந்த ஆளு ஷூவைக் கழட்டச் சொல்லுங்க"ன்னு நர்ஸ்கிட்ட கத்திட்டா.

— நல்லவேளை! நர்ஸ் என்ன சொன்னாங்க?

— வேற என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டாங்க. டப்பாவைக் காட்டினேன். அதுல ஃபோலிக் ஆசிட் இருக்காம். என் மாத்திரையோட சேர்ந்தா தோலை இன்னும் பதம் பாக்குமாம்.

— அப்போ... நான்தான் உன் காலைக் கெடுத்தேனா?

— அழாதக்கா. காபி ஆறுது பாரு. கேக்காம முழுங்கினது நான்.

— தோலைக் காக்குற வைட்டமின்னு ஒண்ணு கூடவா இல்ல?

— நம்பிச் சொல்ற மாதிரி எதுவும் இல்லையாம். கொஞ்ச நாள் மாத்திரைக்கு லீவு விட்டாங்க. இப்போ அளவு கம்மி. காலுக்கு யூரியா க்ரீம், தொளதொள செருப்பு. வெந்நீர் கூடாது.

— கம்மி பண்ணினா கட்டி?

— ஸ்கேன் பாத்தாச்சு. சுருங்கிட்டே வருது.

— நிஜமாவா? என் தலையில அடிச்சுச் சொல்லு!

— நிஜம்தான். காலையும் பாரேன்.

— அட, பச்சைக் குழந்தை பாதம் மாதிரி இருக்கேடா! உன் பொண்டாட்டி கரீன் போனதுலேர்ந்து நீ இப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

— சனிக்கிழமை வால்ட்ஸ் டான்ஸ் ஆடணும்ல? டோர்தேவுக்குக் கல்யாணம்.

— வைத்தியத்துக்கு நடுவுல கல்யாணமா! எவண்டா அந்தத் தைரியசாலி மாப்பிள்ளை?

— உன் தம்பிதான்க்கா.