தம்பிக்கு வாங்கிய கத்தி

அன்று காலை ஆற்றங்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தம்பி, அளவுகளைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தம்பியின் மனைவி. வேறு யாரும் இல்லை. பாலத்தின்மேல் கூட்டம் நின்றதாகச் சொல்பவர்கள் எல்லாம் முடிந்தபிறகு வந்தவர்கள்.

கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஐயா.

எங்கள் குடும்பத் தொழில் ஆற்றில் நீர் அளப்பது. ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அளவுகோலோடு இறங்குவான். இன்னொருவன் கரையில் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு எதிலாவது சிக்கி இறுகினால் ஆறு அவனை நீருக்கடியில் அழுத்திவிடும். அப்போது அவனே கயிற்றை வெட்டிக்கொண்டு, நீரோடு போய், கீழே எங்காவது கரையேற வேண்டும். அதற்குத்தான் மார்புப் பட்டையில் கத்தி.

தம்பியின் பழைய கத்தி சென்ற மாதம் ஆற்றோடு போய்விட்டது. புதிது வாங்க இருவரும் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"பிடிக்குள்ள திசைகாட்டிகூட இருக்குங்க."

"தண்ணியில விழுந்தவனுக்கு வடக்கு எதுக்குங்க? கரை எதுன்னு தெரிஞ்சாப் போதும்," என்றான் தம்பி.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மடக்குக் கத்தி ஆகாது; விறைத்த விரலால் அதைத் திறக்க முடியாது. மடங்காத அலகு வேண்டும், உள்ளங்கை அகலத்துக்குமேல் நீளம் வேண்டாம். அலகின் இரும்பு பிடியின் அடிவரை ஓட வேண்டும். பாதியில் நின்றால் அங்கேதான் ஒடியும். பிடி ஆரஞ்சு நிறமாக இருந்தால் கலங்கல் நீரிலும் கண்ணுக்குத் தெரியும். இவையெல்லாம் மலிவான கத்தியிலும் கிடைக்கும். விலை உயர்ந்த கத்தியை மனிதன் வீட்டில் பூட்டிவைப்பான். மலிவானதைத்தான் கூசாமல் உடம்பில் கட்டிக்கொள்வான்.

"அண்ணன் எனக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கலைங்க," என்று தம்பி கடைக்காரரிடம் சொன்னான். நான் சிரித்தேன். அன்று நான் உண்மையாகவே நல்ல கத்திதான் தேடினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, அப்பாவின் பெட்டியை ஒழிக்கும்போது தம்பி ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து வந்தான்.

"அண்ணே, முடிச்சு அவிழ்ந்த கயிறு இப்படியா இருக்கும்? நுனியைப் பாருங்க."

"எலி கடிச்சிருக்கும்."

"அளவுகோல் வெச்சாக் கடிச்சது?"

அப்பாவும் அவர் கூட்டாளியும் ஒரே கயிற்றில் ஆற்றில் இறங்கிய நாளில் வந்த கயிறு அது. கூட்டாளி திரும்பவில்லை. முடிச்சைச் சரியாகப் போடாததால் போய்விட்டார் என்று அப்பா எழுதிக்கொடுத்தார். அளவுக் குறிப்பேட்டை நனையாமல் கொண்டுவந்ததற்காக அப்பாவின் படம் இன்றும் அலுவலகத்தில் தொங்குகிறது. கூட்டாளியின் மனைவி எங்கள் தெருமுனையில் துணி தைக்கிறார். தையற்காரம்மா என்போம். முப்பது வருடமாக, முடிச்சுப் போடத் தெரியாதவனின் மனைவி என்று பெயர்.

அன்று கரையில் கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். அப்பாவின் கை மார்புக்குப் போனதைப் பார்த்தேன். கத்தி ஒரே இழுப்பில் வந்தது; கூட்டாளியின் பக்கம் கயிற்றை வெட்டியது.

"அந்தம்மாகிட்ட சொல்லிடணும்ணே," என்றான் தம்பி. "ஞாயித்துக்கிழமை போறேன்."

"அப்பா படத்தை இறக்கிடுவாங்க."

"இறக்கட்டும். நீங்களும் வாங்கண்ணே. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

அவனுக்கு மூன்று வயதில் அம்மா போனாள். நான்தான் குளிப்பாட்டினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன். என்னை எதிர்த்து அவன் பேசியதில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. கூடத்தான் வரச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அவனே கத்தியைக் கொண்டுவந்தான். "உறை கொஞ்சம் லூசா இருக்குண்ணே, பார்த்துக் குடுங்க."

மலிவான கத்திகளின் பிளாஸ்டிக் உறை சீக்கிரம் தளர்ந்துவிடும். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. உறையின் வாயைக் கொதிநீரில் முக்கி, கத்தியைச் செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஆறவிட வேண்டும். பிறகு இரண்டு சோதனைகள். தலைகீழாகப் பிடித்து மூன்றுமுறை உதறினால் விழக்கூடாது. ஈரக் கையால் ஒருமுறை இழுத்தால் வர வேண்டும்.

உதறினேன். விழவில்லை. கையை நனைத்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். வரவில்லை. ஈரத்தைத் துடைத்து, மார்புப் பட்டையில் மாட்டிவைத்தேன்.

பெரியவர் பார்த்துக் கொடுத்ததைச் சின்னவர் மீண்டும் சோதிப்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. மறுநாள் காலை கரையில் நான் பட்டையைப் பூட்டிவிட்டபோது அவன் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போடும்போதும் அப்படித்தான் நிற்பான்.

நீர் ஏறியிருந்தது. கிளைகள் மிதந்து வந்தன. இறங்கலாமா என்று எழுத்தர் கேட்டார். இறங்கலாம் என்றேன். கயிறு சிக்கும் என்று நான் நினைக்கவில்லை. சிக்காது என்றும் நினைக்கவில்லை.

நடு ஆற்றில் ஒரு பெரிய கிளை கயிற்றில் வந்து மாட்டியது. கயிறு இறுகியது. தம்பியின் கை மார்புக்குப் போயிற்று. ஒருமுறை இழுத்தான். பிறகு இரண்டு கையாலும் இழுத்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்கு வராதபோது பலகையைத் தூக்கிக் காட்டுவானே, அந்த முகம்.

தம்பியின் மனைவி என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கயித்தை விடுங்க மாமா. விட்டுடுங்க."

விட்டிருந்தால் கிளையோடு சேர்ந்து அவனும் மிதந்து போய், கீழே எங்காவது பிழைத்துக் கரையேறியிருப்பான். நீர் அளக்கிற எவனுக்கும் இது தெரியும். ஆனால் ஆற்றில் இருப்பவன் வெட்டாமல் கரையில் இருப்பவன் விடக்கூடாது என்பது விதி. நான் விதிப்படி பிடித்திருந்தேன். என் உள்ளங்கையைப் பாருங்கள், தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. கயிற்றின் துடிப்பு அடங்கும்வரை பிடித்திருந்தேன்.

துக்கம் கேட்கத் தையற்காரம்மா வந்தார். "அதே ஆறு," என்றார். "உங்க தம்பி முடிச்சையாவது ஒழுங்காப் போட்டிருந்தாரே. என் வீட்டுக்காரருக்கு அதுகூடத் தெரியலையே." நான் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் தம்பியின் மனைவி அவன் உடைமைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உறையோடு கத்தியை என்னிடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க மாமா. எனக்கு வரமாட்டேங்குது." உறையின் வாயைச் சுற்றி நகம் கீறிய கோடுகள் இருந்தன. வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் செய்தது கொலை. அந்தச் சொல்லையே எழுதுங்கள், ஆட்சேபம் இல்லை. அப்பாவின் கத்தி அன்று சுலபமாக வந்ததால்தான் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பெயர் வந்தது. தம்பியின் கத்தி வராததால் அது நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, போயிற்று. படம் அதே ஆணியில் இருக்கிறது.

இவ்வளவையும் நீங்கள் அழைக்காமலே வந்து நான் சொல்வதற்குக் காரணம் தெருவில் கிளம்பியிருக்கும் ஒரு பேச்சு. அண்ணன்காரன் மலிவு பார்த்து மொண்ணைக் கத்தியைத் தம்பி கழுத்தில் கட்டிவிட்டான் என்கிறார்கள். அது பொய். நல்ல கத்தி. அன்று காலையில்கூட, தம்பி எழுவதற்குமுன், நெருப்பில் உறையை மறுபடி காட்டி இளக்கி, கத்தியை எடுத்துத் தீட்டி, பழையபடி இறுக்கி வைத்தேன். என் தம்பிக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.