தொளதொளச் சட்டை

ஆவணி 5, வியாழன். ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா விஜயஸ்ரீயின் அடுக்களை. அவள் மகள் சொர்ணாவின் காதுகுத்துப் பத்திரிகையில் கிழமையைத் தப்பாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டான் தம்பி கார்த்திகேசன்.

விஜயஸ்ரீ: ஏலே, ஆவணி பதினஞ்சு சனிக்கிழமையா?

கார்த்திகேசன்: ஞாயிறுதான்... கை தவறிட்டு யக்கா. பேனாவால திருத்திருதேன்.

விஜயஸ்ரீ: திருத்து. தாய்மாமன்னு உன் பேரு மட்டும் தப்பில்லாம வந்துருக்கு.

கார்த்திகேசன்: அதைத்தான் சொல்ல வந்தேன்... அன்னைக்குத் தோட்டத்துல வாழைத்தார் வெட்டு இருக்கு. சித்தி மவன் சங்கர் மடியில வச்சுக் குத்திருங்களேன்.

விஜயஸ்ரீ: கூடப் பொறந்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது சங்கர் மடியா? நல்லா இருக்குலே!

கார்த்திகேசன்: தை மாசம்னுதான மொதல்ல சொன்னே? தைக்கு வரேன்.

விஜயஸ்ரீ: நேர்த்திக்கடன். தள்ளக் கூடாது.

கார்த்திகேசன்: அப்ப திருச்செந்தூர் வேண்டாம். இங்கன வீட்டுலயே...

விஜயஸ்ரீ: கோயிலுக்கு வர உனக்கு என்ன?

கார்த்திகேசன்: கூட்டம்...

விஜயஸ்ரீ: கூட்டமா? சட்டையைக் கழத்தணுமேன்னா?

கார்த்திகேசன்: பேனா எங்க? பத்திரிகையத் திருத்தணும்.

விஜயஸ்ரீ: உங்க அத்தான் சொல்லுதாவ, ஆத்துல குளிக்கக்கூட நீ சட்டையோடதான் எறங்குதியாம். நெஞ்சுல எவ பேரையாவது பச்சை குத்திட்டியாலே?

கார்த்திகேசன்: ஆமா. அப்படியே வச்சுக்கோ.

விஜயஸ்ரீ: எத்தனை எழுத்து?

கார்த்திகேசன்: உம் மவளுந்தான் அவ அப்பா சட்டையத் தொளதொளன்னு மாட்டிக்கிட்டுத் திரியுதா. அவளக் கேட்டியா?

விஜயஸ்ரீ: அவள விடு... ஏய், என்னலே கண்ணு கலங்குது?

கார்த்திகேசன்: பிள்ளை எங்க?

விஜயஸ்ரீ: பக்கத்து வீட்டுல. பைய சொல்லு.

கார்த்திகேசன்: நெஞ்சு... ரெண்டு பக்கமும் வளந்துருக்கு. பொம்பளையளுக்கு இருக்கிற மாதிரி.

விஜயஸ்ரீ: கொழுப்பா இருக்கும். நீ திங்கிற புரோட்டாவுக்கு...

கார்த்திகேசன்: கொழுப்பு இல்ல. பாளையங்கோட்டையில டாக்டரம்மா தொட்டுப் பாத்துட்டு, மார்புத் திசுவே வளருதுன்னாவ. மொதல்ல கேட்டது, என்ன வேலை பாக்கேன்னு. வாழைக்கு மருந்து அடிக்கேன்னேன். கைக்கு உறை, மூஞ்சிக்கு மூடி உண்டான்னாவ. ஒண்ணும் கிடையாதுன்னேன்.

விஜயஸ்ரீ: பூச்சிமருந்துக்கும் மாருக்கும் என்னலே சம்பந்தம்?

கார்த்திகேசன்: உடம்புல ஹார்மோன்னு ஒண்ணு சுரக்குமாம். எது வளரணும், எப்ப வளரணும்னு அதுதான் சொல்லுமாம். சில மருந்து உள்ள போயி அது மாதிரியே நடிக்குமாம். உடம்பும் ஏமாந்துருமாம்.

விஜயஸ்ரீ: அதனாலதான்னு சொன்னாவளா?

கார்த்திகேசன்: அடிச்சுச் சொல்ல முடியாது, வேற காரணமும் இருக்கலாம், ரத்தம் பாக்கணும்னாவ. அப்புறம்... பிள்ளை பொறக்குறதுக்கும் ஒரு சோதனை எழுதிருக்காவ.

விஜயஸ்ரீ: அதான் உனக்குக் கொற்கையில பாத்த பொண்ணை வேண்டாம்னியா?

கார்த்திகேசன்: எந்த மூஞ்சியோட தாலி கட்டச் சொல்லுதே?

விஜயஸ்ரீ: வைத்தியம் இருக்குலா?

கார்த்திகேசன்: எனக்கு இருக்கு. நான் வந்தது வேற விசயம். அங்கன மூலையில நிக்குலா, வெள்ளைக் கேன்... அந்தத் தண்ணியக் கொட்டு.

விஜயஸ்ரீ: குடிதண்ணிலே அது! சொர்ணா பள்ளிக்கூடத்துக்கும் அதுலதான் மோந்து...

கார்த்திகேசன்: காலி மருந்துக் கேன்க்கா. கெட்டியா இருக்குன்னு நாந்தான சோப்புப் போட்டுக் கழுவித் தந்தேன்? எத்தனை தடவை கழுவினாலும் அது போகாதாம். காலிக் கேனை என்ன செய்யுதீங்கன்னு டாக்டரம்மா கேட்டப்ப, அக்காவுக்குக் குடுத்தேன்னு வாயில வரல.

விஜயஸ்ரீ: எப்பலே போனே?

கார்த்திகேசன்: ஆனி மாசம்.

விஜயஸ்ரீ: ஆனியா...

கார்த்திகேசன்: கேனைச் சொன்னா நெஞ்சையும் சொல்லணும்லா. வெக்கம்...

விஜயஸ்ரீ: ஐயோ... ஐயோ...

கார்த்திகேசன்: யக்கா? ஏன் அழுவுதே? எனக்கு ஒண்ணும் ஆயிராது.

விஜயஸ்ரீ: உனக்காக அழலலே. நேர்த்திக்கடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு ஏழு வயசு முடியல... அதுக்குள்ள நெஞ்சுல மொட்டு விட்டுருக்கு. தைக்குள்ள பெரிய மனுஷி ஆயிட்டா மாமன் மடியில வைக்க முடியாதேன்னுதான் ஆவணிக்கு இழுத்தேன். பெரிய சட்டையப் போட்டு விட்டதும் நாந்தான். வெளிய தெரிஞ்சிரக் கூடாதுன்னு உங்க அத்தான்கிட்டயும் மறைச்சேன்... கேனை எடு. அந்தப் பக்கம் நீ பிடி. நாளைக்கு மொத பஸ்ஸுல மூணு பேரும் பாளையங்கோட்டைக்குப் போறோம்.