நடத்தாத பாடம்

— உள்ள வா வைதேஹி. அண்ணன் வீட்டு வாசல்லயே நின்னா எப்படி?

— இருக்கட்டும், மணவாளண்ணா. ஜட்காவைக் காக்க வெச்சிருக்கேன். மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— மணவாளன்... இந்தப் பேரைக் காதால கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு.

— இங்க என்னன்னு கூப்பிடறா?

— ஸ்தேவான் ஐயா.

— எனக்கு வாயில நுழையல. தாடியெல்லாம் வேற... அதுவும் பாதி வெள்ளை.

— தாடியைப் பார்த்துத்தான் எங்கிட்டப் படிக்கற பசங்க கொஞ்சமாவது பயப்படறா. தீர்த்தமாவது சாப்பிடேன்.

— வேண்டாம். குடிச்சா அழுதுடுவேன். ...பெங்களூர்ல பாதிரிமார் படிக்கற பெரிய வேதசாஸ்திர காலேஜுல வேலையாமே. நாளைக்கே கிளம்பறியாமே.

— காலை ரயில். யார் சொன்னா?

— உன் சீஷன் ஒருத்தன். ஸ்ரீரங்கத்துக்குப் புஸ்தகம் விக்க வந்தான். அண்ணா, அம்மாவை ஒரு தரம் பார்த்துட்டுப் போ. அப்பா போய் ஆறு மாசம் ஆச்சு. இனிமே தடுக்க ஆளில்ல.

— நான் ஞானஸ்நானம் எடுத்துண்டதும் என்ன பண்ணினேள்? கொள்ளிடத்துல எனக்குக் காரியம் பண்ணி, குடத்தை உடைச்சு, எல்லாருமாத் தலை முழுகினேள். செத்தவன் எப்படிம்மா போய் நிக்கறது?

— அப்பா பண்ணினது அது.

— அதுவும் போகட்டும். பசங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறது என்ன? சீஷனா வரணும்னா பெத்தவாளையும் விட்டுட்டு வரணும். அதைச் சொல்லிட்டு நானே...

— அந்தப் பாடத்தை நீ நடத்தறதே இல்லையாமே.

— அதையும் அவன்தான் சொன்னானா?

— அந்தப் பிள்ளையே சொன்னான். "ஐயா மத்ததெல்லாம் உருகி உருகி நடத்துவாரு. அந்த ஒண்ணு வந்தா மட்டும் வேற வாத்தியார்ட்ட விட்டுட்டு ஆத்தங்கரைக்குப் போயிடுவாரு"ன்னான்.

— மொத வருஷம் நடத்தப் பார்த்தேன். போர்டுல எழுதிட்டேன், வாய் வரல. முப்பது நாப்பது பேரை ஆளாக்கினேன் வைதேஹி. அவாளோட மருங்காபுரி வரைக்கும் வெயில்ல நடந்தேன், அவா குடிசையில படுத்தேன். அதெல்லாம் முடிஞ்சுது. அம்மாவை விட மட்டும் முடியல. தினமும் ஏங்கறேன்.

— அப்போ வா. ஜட்காவுல எடம் இருக்கு.

— வேண்டாம்மா. என்னைப் பார்த்தா அவ மறுபடியும் தலை முழுகணும்பா உங்க தெருவுல. அறுபது தாண்டினவளுக்கு அந்தத் தண்டனை எதுக்கு?

— மறுபடியுமா? ...அண்ணா, அன்னிக்கு அம்மா முழுகவே இல்ல. நான்தான் பக்கத்துல நின்னேன். புடவையை மட்டும் நனைச்சுண்டு, ஈரத்துண்டைத் தலையில சுத்திண்டு கரையேறிட்டா. உள்ள மயிர் காஞ்சுதான் இருந்தது. "என் பிள்ளை உசிரோட இருக்கான்டி. உங்கப்பாட்ட சொல்லிடாதே"ன்னா. அப்பா போறவரைக்கும் நான் சொல்லவே இல்ல.